படுத்தால் அடங்கும் மூச்சிரைப்பு

கேள்வி: ஈரோடு மாவட்டத்தில் ஒரு சிற்றூர் எங்களுடையது. என் கணவருக்கு 54 வயது. இருபத்தைந்து வருடமாக விசைத்தறி ஓட்டுகிறார். 2012-ல் ரத்த தான முகாமில் ரத்தம் கொடுத்தார். பிறகு கூப்பிட்டு, "உங்களுக்கு ஹெபடைடிஸ் பி இருக்குதுங்க, இனி ரத்தம் கொடுக்க வேண்டாம்" என்றார்கள். காமாலை எதுவும் இல்லை. மூன்று மாதம் கீழாநெல்லி சாப்பிட்டார், அத்தோடு விட்டுவிட்டோம். இப்போது எட்டு மாதமாக மூச்சு வாங்குகிறது. தறி முன்னால் பத்து நிமிடம் நின்றால் இரைக்கிறது. படுத்துவிட்டால் சரியாகிவிடுகிறது. பஞ்சுத் தூசி என்று சொல்லி இன்ஹேலர் கொடுத்தார்கள், இரண்டு தடவை ஸ்டீராய்டு மாத்திரையும் கொடுத்தார்கள். கேட்கவில்லை. லீவு நாளிலும் இப்படித்தான் இருக்கிறது. எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது என்கிறார்கள். குடி, பீடி எதுவும் கிடையாது. கொரோனா சமயம் வாங்கிய விரலில் மாட்டும் மெஷின் 92, 93 காட்டுகிறது. விரல் நுனியெல்லாம் முன்னைவிடக் குண்டாகத் தெரிகிறது. அந்தக் கிருமி கல்லீரலில் இருந்து நுரையீரலுக்கு ஏறிவிட்டதா? எனக்கும் பிள்ளைகள் இருவருக்கும் தொற்றுமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் ஒரு வரியை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். "படுத்துவிட்டால் சரியாகிவிடுகிறது." போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் எக்ஸ்ரேயும் இன்ஹேலரும் சொல்லாத ஒரு சேதியை அந்த வரி சொல்கிறது.

மூச்சிரைப்புள்ள நோயாளிகளில் பெரும்பாலோர் இதற்கு நேர்மாறு. இதயம் பலவீனமானவர் படுத்தால் மூச்சு முட்டும். இரண்டு மூன்று தலையணை அடுக்கிச் சாய்ந்துகொள்வார், நடுராத்திரி எழுந்து ஜன்னலோரம் போய் உட்காருவார். ஆஸ்துமாக்காரரும் இழுப்பு வந்தால் முன்னால் குனிந்து உட்காருவாரே தவிர மல்லாந்து படுக்க மாட்டார். நின்றால் இரைப்பு, படுத்தால் நிம்மதி என்று ஒருவர் சொன்னால், நெஞ்சக மருத்துவரான நான் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைப்பதற்கு முன் வேறொன்று கேட்பேன்: கல்லீரல் எப்படி இருக்கிறது?

பஞ்சுத் தூசியைச் சந்தேகித்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். உங்கள் ஊரில் தறிக்காரர் ஒருவர் இரைப்போடு வந்தால் முதலில் அதுதான் நினைவுக்கு வரும். ஆனால் பஞ்சு நோய்க்கு ஒரு குணம் உண்டு. வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாள்தான் நெஞ்சு அதிகம் இறுகும்; லீவு விட்டால் லேசாகும். தூசி மிகுதியாகப் பறப்பதும் நூற்பாலையில் பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்யும் ப்ளோரூமிலும், சிக்கெடுக்கும் கார்டிங்கிலும்தான். நெசவுக்கு வரும்போது அந்த அளவு இருக்காது. உங்கள் கணவருக்கு லீவு நாளிலும் அதே இரைப்பு, இன்ஹேலருக்கும் மசியவில்லை.

எனக்கு எழும் சந்தேகம் இதுதான்: பல ஆண்டுகளாகக் கவனிக்காமல் விட்ட ஹெபடைடிஸ் பி, சத்தமில்லாமல் கல்லீரலைத் தழும்பாக்கியிருக்கலாம். சிரோசிஸ் என்று சொல்வது அதைத்தான். குடிக்காதவருக்கு எப்படி வரும் என்று நினைக்காதீர்கள். இந்த வைரஸுக்குச் சாராயத்தின் துணை தேவையில்லை. கெட்டுப்போன கல்லீரல் நுரையீரலின் ரத்தக் குழாய்களைக் கெடுத்திருக்கலாம். இதற்கு 'ஹெபடோபல்மோனரி சிண்ட்ரோம்' என்று பெயர், கல்லீரல்-நுரையீரல் கூட்டுநோய் என்று சொல்லலாம். கடிதத்தைப் பார்த்து நோயை உறுதி செய்ய முடியாது. அதற்குப் பரிசோதனைகள் இருக்கின்றன, கீழே சொல்கிறேன். ஆனால் இந்தச் சந்தேகத்தை யாரும் எழுப்பாமலே எட்டு மாதம் போயிருக்கிறது.

கிருமி மேலே ஏறிவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. இந்த வைரஸ் குடியிருப்பது கல்லீரல் செல்களில்தான். நுரையீரலில் நடப்பது வேறு கதை.

கோயிலில் திருநீறு வாங்கும் வரிசையை நினைத்துப் பாருங்கள். இரும்புக் கம்பி கட்டி ஒற்றை ஆளாக விட்டால் ஒவ்வொருவர் கையிலும் குருக்கள் திருநீறு போடுவார். கம்பியை எடுத்துவிட்டால்? கூட்டம் அகலமாகத் தள்ளிக்கொண்டு போகும். ஓரத்தில் நடந்தவருக்குக் கிடைக்கும், நடுவில் போனவர் வெறும் நெற்றியோடு வெளியே வருவார். நுரையீரலின் நுண்குழாய்கள் அந்தக் கம்பி வரிசை மாதிரி. அவற்றின் அகலம் 8 முதல் 15 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்). சிவப்பணு ஒன்றின் அகலம் ஏறக்குறைய 7 மைக்ரான். அதனால் சிவப்பணுக்கள் ஏறக்குறைய ஒற்றை வரிசையில், காற்றறையை உரசிக்கொண்டு நகர்ந்து ஆக்சிஜனை வாங்கிக்கொள்கின்றன. கல்லீரல் நலிந்து, குடலிலிருந்து வரும் ரத்தம் வடிகட்டப்படாமல் மாற்றுவழிகளில் பாயத் தொடங்கும்போது, நுரையீரலில் நைட்ரிக் ஆக்சைடு போன்ற குழாய் தளர்த்தும் பொருட்கள் மிகுகின்றன. நுண்குழாய்கள் பல மடங்கு அகலமாகிவிடுகின்றன. நடுவில் ஓடும் ரத்தம் ஆக்சிஜன் வாங்காமலே இதயத்துக்குத் திரும்பிவிடுகிறது.

நுரையீரல் சுத்தம், காற்றுப் பாதை சுத்தம். அதனால்தான் எக்ஸ்ரேயில் எதுவும் தெரியவில்லை, காற்றுக்குழாயை விரிக்கும் இன்ஹேலராலும் பயனில்லை. இப்படி அகலமான குழாய்கள் நுரையீரலின் அடிப்பகுதியில்தான் அதிகம். எழுந்து நின்றால் ரத்தம் இறங்கி அந்தப் பகுதிக்கே போகிறது, ஆக்சிஜன் குறைகிறது. படுத்தால் மேல்பகுதிக்கும் பரவுகிறது, மூச்சு அடங்குகிறது. விரல் நுனி பருத்திருப்பதும் இதோடு ஒத்துப்போகிறது. அவருடைய நெஞ்சிலும் தோளிலும் சிலந்திக் கால்போல் விரிந்த சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். நடுவில் அழுத்தினால் வெளுத்து, விட்டால் மறுபடி சிவக்கும். இந்தக் கூட்டுநோய் உள்ளவர்களிடம் இது அடிக்கடி தென்படும்.

இன்னொன்று, கல்லீரல் எவ்வளவு கெட்டிருக்கிறதோ அவ்வளவு மூச்சு கெடும் என்று கணக்கு இல்லை. கண் மஞ்சளில்லாமல், வயிறு வீங்காமல், ஆள் பார்க்க நன்றாக இருக்கும்போதே ஆக்சிஜன் இறங்கியிருக்கலாம். "காமாலை இல்லை, அதனால் கல்லீரல் நன்றாக இருக்கிறது" என்று நீங்கள் நினைத்தது ஊரில் எல்லோரும் நினைப்பதுதான். ஹெபடைடிஸ் பி பெரும்பாலும் காமாலை காட்டாமலே பத்து, இருபது ஆண்டு உள்ளிருந்து அரிக்கிற ஜாதி.

இன்றைக்கே வீட்டில் செய்யக்கூடியது ஒன்றிருக்கிறது. விரல் மெஷினுக்குப் புது பேட்டரி போடுங்கள். அவர் கை சில்லிட்டிருந்தால் தேய்த்துச் சூடாக்குங்கள். பத்து நிமிடம் மல்லாந்து படுக்கவிட்டு, எண் அசையாமல் நின்றதும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பத்து நிமிடம் நிற்கவிட்டு மறுபடி குறியுங்கள். அவர் பக்கத்தில் நாற்காலியும் இருக்கட்டும், நீங்களும் இருங்கள். தலை சுற்றினால் உடனே உட்கார வையுங்கள். காலை, மாலை என மூன்று நாள் ஒரு நோட்டில் எழுதுங்கள். நம்மைப் போன்ற கருத்த தோலில் இந்த மெஷின்கள் உண்மை அளவைவிடச் சற்றுக் கூட்டியே காட்டக்கூடும். ஆகவே 93 என்றால் "பரவாயில்லை" என்று நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். கல்லீரல் நோயுள்ளவருக்கு 96-க்குக் கீழே போனாலே மேற்கொண்டு பார்க்க வேண்டும். நிற்கும்போது 90-க்குக் கீழே இறங்கினால் மூன்று நாள் கணக்கையெல்லாம் விட்டுவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

எந்த மருத்துவமனை என்றால், பக்கத்திலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. அங்கே மணிக்கட்டுத் தமனியிலிருந்து ரத்தம் எடுத்து ஆக்சிஜன் அழுத்தத்தை நேரடியாக அளப்பார்கள். ஊசி கொஞ்சம் வலிக்கும். அடுத்தது குமிழி எக்கோ. உப்புநீரைக் குலுக்கி நுண்குமிழிகளாக்கிக் கை நரம்பில் ஏற்றி, இதயத்தை எக்கோவில் பார்ப்பார்கள். நல்ல நுரையீரலில் குமிழிகள் நுண்குழாயைத் தாண்ட முடியாமல் அங்கேயே சிக்கிக் கரையும். இதயத்தின் இடப்பக்கம் வந்து சேராது. மூன்று துடிப்புக்குள் வந்துவிட்டால் இதயத்தின் தடுப்புச் சுவரில் ஓட்டை இருக்கலாம். அதைத் தாண்டி நாலாவது, ஐந்தாவது துடிப்பில் வந்தால் நுரையீரல் குழாய்கள் அகன்றிருக்கின்றன என்று பொருள். எனக்கு மிகவும் பிடித்த பரிசோதனை இது. பெரிய செலவில்லை, கதிர்வீச்சு இல்லை, பதில் திரையிலேயே நீந்தி வரும்.

அதே எக்கோவில் நுரையீரல் தமனியின் அழுத்தத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். கல்லீரல் நோயில் சிலருக்கு இதற்கு நேரெதிராக, நுரையீரல் குழாய்கள் அகலாமல் இறுகிவிடுவதுண்டு. அவர்களுக்கு நடக்கும்போது மயக்கம், கால் வீக்கம் வரும். வைத்தியமும் வேறு. கல்லீரல் நோயாளிகளுக்கு ரத்த வாந்தியைத் தடுக்க வழக்கமாகத் தரும் ப்ரோப்ரனலால் மாத்திரைகூட அவர்களுக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம். அதனால் இரண்டையும் பிரித்தறிவது முக்கியம்.

கல்லீரல் பக்கம்: வைரஸ் அளவு, கல்லீரல் செயல்பாட்டுச் சோதனை, வயிற்று ஸ்கேன், கல்லீரலின் இறுக்கத்தை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன், தேவைப்பட்டால் எண்டோஸ்கோபி. 2018 ஜூலை 28 முதல் தேசிய வைரஸ் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் நடக்கிறது. பரிசோதனையும் டெனோஃபோவிர், என்டெகாவிர் போன்ற மாத்திரைகளும் அதில் இலவசம். மாத்திரை தொடங்கினால் தினமும் போட வேண்டும். உடம்பு தேறிவிட்டதென்று தானாக நிறுத்தினால் வைரஸ் பாய்ந்துவிடும்.

ஸ்டீராய்டு மாத்திரையைப் பற்றி எழுதியிருந்தீர்களே, அதுதான் எனக்குக் கவலை. ஹெபடைடிஸ் பி உள்ள உடம்பில் நோய் எதிர்ப்பாற்றல் வைரஸை ஒருவிதமாகக் கட்டிப்போட்டு வைத்திருக்கிறது. ஸ்டீராய்டு அந்தக் கட்டை அவிழ்க்கும். பிரெட்னிசலோன் 20 மி.கி. அல்லது அதற்கு மேல், நாலு வாரம் அல்லது அதற்கு மேல் போனால் வைரஸ் விழித்துக் கல்லீரலைத் திடீரெனத் தாக்கும் அபாயம் நிஜமானது. ஐந்து நாள், ஏழு நாள் கொடுத்திருந்தால் அவ்வளவு பயமில்லை, உறிஞ்சும் இன்ஹேலருக்கும் பயப்பட வேண்டாம். பழைய சீட்டுகளைத் தேடியெடுத்து எத்தனை மி.கி., எத்தனை நாள் என்று பாருங்கள். இப்போதும் ஓடிக்கொண்டிருந்தால் நீங்களாகச் சட்டென்று நிறுத்தாதீர்கள். அந்த மருத்துவரிடம் "இவருக்கு ஹெபடைடிஸ் பி இருக்கிறது" என்று சொல்லுங்கள். உங்கள் கடிதத்தைப் பார்த்தால் அவரிடம் அதை யாரும் சொன்னதாகத் தெரியவில்லை. சொல்லக் கூச்சமாக இருக்கும், தெரியும். ஆனால் பல் பிடுங்கப் போனாலும் இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

கீழாநெல்லிக்கு வருகிறேன். அதைக் கேலி செய்ய மாட்டேன், காரணம் இருக்கிறது. ஹெபடைடிஸ் பி வைரஸின் அடையாளத்தைக் கண்டுபிடித்து 1976-ல் நோபல் பரிசு வாங்கிய பரூக் பிளம்பர்க், சென்னை ஆராய்ச்சியாளர் எஸ்.பி. தியாகராஜனோடு சேர்ந்து இந்தச் செடியை ஆராய்ந்தவர். 1988-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் அவர்களுடைய கட்டுரை வந்தது. முப்பது நாள் மருந்து சாப்பிட்ட 37 பேரில் 22 பேருடைய ரத்தத்திலிருந்து வைரஸின் அடையாளம் மறைந்ததாக அது சொன்னது. உலகமே நிமிர்ந்து பார்த்தது. பிறகு வேறு நாடுகளில் செய்து பார்த்தவர்களுக்கு அந்தப் பலன் கிட்டவில்லை. அத்தோடு, நாள்பட்ட ஹெபடைடிஸ் பி-க்கு நம்பிக் கொடுக்கும் மருந்தாக அது நிற்கவில்லை. அப்படியானால் ஊரில் கீழாநெல்லிக்கு இவ்வளவு பேர் எப்படி வந்தது? கெட்ட தண்ணீரால் வரும் 'ஏ' வகைக் காமாலை, ஒன்றுமே செய்யாவிட்டாலும் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாக இறங்கும். இறங்குகிற நேரத்தில் கையில் இருந்த மருந்துக்குப் பேர் போகிறது. உங்கள் கணவர் 2012-ல் அதைச் சாப்பிட்டது தவறில்லை. "மருந்து சாப்பிட்டாச்சு" என்று கணக்கை மூடியதுதான் தவறு. இனி என்ன பொடி, என்ன லேகியம் யார் கொடுத்தாலும் மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம். நலிந்த கல்லீரலுக்குக் கூடுதல் சுமை கூடாது.

கல்லீரல் நுரையீரலைத் தொந்தரவு செய்ய வேறு வழியும் உண்டு. உங்களவருக்கு எக்ஸ்ரே சுத்தம் என்பதால் இப்போதைக்கு இது இல்லை. ஆனால் பின்னால் தேவைப்படலாம் என்று எழுதி வைக்கிறேன். வயிற்றில் நீர் கோக்கும் சிரோசிஸ் நோயாளிகளில் சிலருக்கு, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தில் உள்ள நுண்ணிய துளைகள் வழியே அந்த நீர் நெஞ்சுக் கூட்டுக்குள் ஏறிவிடும். பெரும்பாலும் வலப்பக்கம். நான் பயிற்சி மருத்துவராக இருந்த காலத்தில் அப்படி ஒருவர் வந்தார். நெஞ்சில் நீர் என்றாலே நம் ஊரில் காசநோய்தான் என்று அவருக்குக் காசநோய் மாத்திரை தொடங்கியிருந்தார்கள், நெஞ்சில் குழாயும் போட்டிருந்தார்கள். குழாய் வழியே தினமும் லிட்டர் கணக்கில் வடிந்தது. வடிய வடியக் கீழேயிருந்து ஊறியது. உடம்பின் சத்தும் உப்பும் அதோடு போய்ச் சிறுநீரகம் மடங்கியது. அவரைக் காப்பாற்ற முடியவில்லை. அந்த நீருக்கு வைத்தியம் குழாய் அல்ல; உப்பைக் குறைப்பது, நீர் பிரியும் மாத்திரை, தேவைப்படும்போது ஊசியால் அளவாக எடுப்பது, இவற்றுக்கு அடங்காவிட்டால் கல்லீரல் நிபுணரிடம் அனுப்புவது. ஆகவே நெஞ்சில் நீர் என்று யாராவது சொன்னால் அங்கேயும் முதலில் ஹெபடைடிஸ் பி-யைச் சொல்லுங்கள். உண்மையிலேயே காசநோய் வந்தாலும் மருந்து சாப்பிடலாம், ஆனால் ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு மூன்றும் கல்லீரலைத் தொடும் மருந்துகள். ரத்தச் சோதனை செய்துகொண்டே போக வேண்டும்.

ஹெபடைடிஸ் சி உள்ளவர்களும் இதைப் படிப்பீர்கள் என்பதால் ஒரு வார்த்தை. சிரோசிஸ் எந்த வைரஸால் வந்தாலும் மேலே சொன்ன நுரையீரல் சிக்கல்கள் வரலாம். சி வைரஸ் நேரடியாக நுரையீரலைத் தழும்பாக்குகிறதா என்ற கேள்வியை 1992-ல் ஜப்பானிலிருந்து வந்த ஓர் ஆய்வு கிளப்பியது. அதற்குப் பின் வந்த ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரணாகவே பேசுகின்றன. முன்பு இன்டர்ஃபெரான் ஊசி போட்ட காலத்தில் அந்த ஊசியே சிலருக்கு நுரையீரல் அழற்சியைக் கொடுத்தது. இன்று அந்த ஊசிக்கு வேலையில்லை. பெரும்பாலோருக்கு 12 வார மாத்திரையில் சி வைரஸ் ஒழிந்துபோகிறது.

உங்கள் கணவருக்கு நான் சந்தேகிக்கும் நோயே உறுதியானால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். நேராகவே சொல்கிறேன், குழாய்களைச் சுருக்கிச் சரிசெய்யும் மாத்திரை இதுவரை இல்லை. ஆக்சிஜன் வைத்துக்கொண்டால் இரைப்பு குறையும். வைரஸ் மாத்திரை கல்லீரல் மேலும் கெடாமல் காக்கும்; நுரையீரலைத் திருப்பிக் கொடுக்கும் என்று வாக்குத் தர முடியாது. முழுத் தீர்வு கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சைதான். நுரையீரலுக்காகக் கல்லீரலை மாற்றுவது விசித்திரமாகத் தெரியும். ஆனால் புதுக் கல்லீரல் வந்தபின் அகன்ற குழாய்கள் சில மாதங்களில், சிலருக்கு ஓராண்டில், மெல்லப் பழைய அளவுக்குத் திரும்புகின்றன. தமனி ரத்தத்தில் ஆக்சிஜன் அழுத்தம் (விரல் மெஷின் எண் அல்ல) 60 மி.மீ. பாதரசத்துக்குக் கீழே இறங்கியவர்களுக்கு உறுப்புக்கான வரிசையில் முன்னுரிமை கொடுக்கும் வழக்கமும் பல நாடுகளில் உண்டு. மிகவும் தாமதித்து, ஆக்சிஜன் அடிமட்டத்துக்குப் போனபின் வந்தால் அறுவை சிகிச்சையின் அபாயம் கூடுகிறது. நான் அவசரப்படுத்துவது அதனால்தான். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் கல்லீரல் மாற்றுக்கும் வழி இருக்கிறது. அட்டை இல்லையென்றால் இப்போதே விண்ணப்பியுங்கள். இதெல்லாம் தேவைப்படாமலும் போகலாம். அட்டை வீட்டில் இருந்தால் நட்டமில்லை.

தொற்று பற்றி. ஒரே தட்டில் சாப்பிடுவது, இருமல், தும்மல், கட்டிப்பிடிப்பது, எதனாலும் இது பரவாது. அவரைத் தனித் தம்ளரில் குடிக்க வைத்திருந்தால் அதை இன்றே நிறுத்துங்கள். ரத்தம், உடலுறவு, பிரசவத்தில் தாயிடமிருந்து குழந்தைக்கு, இவையே வழிகள். சவர பிளேடு, பல் துலக்கும் பிரஷ், நகவெட்டி மட்டும் தனியாக இருக்கட்டும். நீங்களும் பிள்ளைகளும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். தொற்று இல்லை, எதிர்ப்பாற்றலும் இல்லை என்று வந்தால் தடுப்பூசி மூன்று தவணை: இன்று, ஒரு மாதத்தில், ஆறாவது மாதத்தில். அவருடைய அண்ணன் தம்பி, அக்கா தங்கைகளும் பார்த்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் நாள்பட்ட ஹெபடைடிஸ் பி பலருக்குப் பிறப்பிலோ சின்ன வயதிலோ வந்ததாக இருக்கும். மாமியார் இருந்தால் அவரும். இதைச் சொல்லும்போது வீட்டில் யார் யாருக்குக் கொடுத்தது என்ற பேச்சு கிளம்பாமல் பார்த்துக்கொள்வது உங்கள் சாமர்த்தியம்.

மலம் தார்போல் கறுத்துப் போனாலோ, ரத்த வாந்தி எடுத்தாலோ, பேச்சில் தடுமாற்றமும் பகலெல்லாம் தூக்கமும் வந்தாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ நாள் பார்க்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

மற்றபடி இந்த வாரமே போங்கள். நோட்டு, பழைய சீட்டுகள், எக்ஸ்ரே எல்லாம் ஒரு பையில் இருக்கட்டும். உள்ளே போனதும் "இன்ஹேலர் கேக்கலைங்க" என்று தொடங்கினால் இன்னொரு இன்ஹேலர் கிடைக்கும். "ரெண்டாயிரத்துப் பன்னிரண்டுலயே ஹெபடைடிஸ் பி இருக்குன்னாங்க, வைத்தியம் பார்க்கலைங்க, படுத்தா இவ்வளவு காட்டுது, நின்னா இவ்வளவு காட்டுது" என்று நோட்டை விரித்து டாக்டர் மேசையில் வையுங்கள்.